தலையில் கோத்திருப்பது நீர்தானா?

சளி பிடித்த இரண்டாம் நாள், செருப்பு மாட்டக் குனிந்தால் நெற்றியில் விண்ணென்று தெறிக்கும். "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு ஜோடி காற்றறைகள் உண்டு. இவைதான் சைனஸ். கன்னத்துக்குள் இருப்பது ஆகப் பெரியது. அதன் வாசல் சில மில்லிமீட்டர்தான், அதுவும் அடியில் இல்லை, மேல் ஓரத்தில் இருக்கிறது. தொட்டிக்கு மேலே வடிகால் வைத்த கதை! ஆனாலும் நல்ல நாளில் வடிந்துவிடும். உள்சுவரில் அடர்ந்திருக்கும் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, கோழையை வாசல் வரை மேலேற்றிவிடுகின்றன. சளி பிடித்ததும் வாசலைச் சுற்றிய சவ்வு வீங்கி அடைத்துக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் மாற, கன்னமும் நெற்றியும் கனக்கின்றன.

மீதிப் பாதி வேறு கதை. வைரஸை எதிர்க்கும்போது உடல் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் வலி நரம்புகளை எளிதில் தூண்டப்படும்படி செய்கின்றன. தலையோடு உடம்பும் சேர்ந்து வலிப்பது இதனால்தான்.

ஆவி பிடித்தால் கோழை இளகும், கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், வைரஸ் சாகாது. தைலத்தின் மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்ததுபோல் தோன்றுமே தவிர, அடைப்பு அப்படியேதான் இருக்கும். ஆனால் குழந்தையைப் போர்வைக்குள் கொதிநீர்ச் சட்டியின் முன் உட்கார வைக்காதீர்கள். சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் உண்டு. கைக்குழந்தைக்குத் தைலமும் வேண்டாம்.

அடைப்பை நீக்கும் மூக்குச் சொட்டு மருந்து வீக்கத்தை உண்மையிலேயே குறைக்கும். ஐந்து நாளைத் தாண்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில்; 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. கடையில் தரும் சளி மாத்திரைகள் பலவற்றில் இதே பாராசிட்டமால் கலந்திருக்கும். அட்டையைப் படிக்காமல் இரண்டையும் போட்டால் அளவு மீறி, கல்லீரல் கெடலாம். காய்ச்சலில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

கழுத்து விறைத்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பத்து நாளாகியும் குறையாவிட்டாலும், குறைந்த வலி திரும்பக் கூடினாலும் மருத்துவரைப் பாருங்கள்.