நெக்ரோமான்சி: செத்தவரிடம் குறி கேட்கும் கலை

கற்பனை உலகக் கதைகளிலும் வீடியோ கேம்களிலும் அடிக்கடி அடிபடும் சொல் நெக்ரோமான்சி. அதைச் செய்பவர் நெக்ரோமான்சர். தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'மந்திரவாதி' என்றோ 'சூனியக்காரன்' என்றோ போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. பில்லி, சூனியம், ஏவல், செய்வினை எல்லாம் உயிரோடு இருப்பவர்மேல் ஏவப்படுபவை. நெக்ரோமான்சியில் செத்தவர் இல்லாமல் காரியமே நடக்காது.

கிரேக்கத்தில் நெக்ரோஸ் என்றால் பிணம், மான்டெயா என்றால் குறி பார்ப்பது. இரண்டும் சேர்ந்த சொல் லத்தீனுக்குப் போனது. அங்கே இடைக்காலத்தில் 'நெக்ரோ'வைக் கறுப்பு என்று பொருள்படும் 'நிகெர்' என்ற சொல்லோடு குழப்பி 'நிக்ரோமான்சியா' ஆக்கிவிட்டார்கள். கறுப்புக் கலை என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பிற்பாடு கிரேக்கம் படித்தவர்கள் எழுத்தைத் திருத்தினாலும் அந்தக் கறுப்பு போகவில்லை. பிணங்களை எழுப்பிப் படை திரட்டுவது என்ற பொருளைப் பெரிதாக்கியவை இக்காலக் கதைகளும் விளையாட்டுகளும்தான்.

பழைய பொருளில் யாரும் பிணத்தை நடக்க வைப்பதில்லை. ஹோமரின் ஒடிசி காவியத்தின் பதினோராம் பகுதியில் ஒடிசியஸ் வாளால் ஒரு குழி தோண்டுகிறான். தேன் கலந்த பால், மது, தண்ணீர் என்று வரிசையாக ஊற்றி, பார்லி மாவு தூவி, ஆட்டின் ரத்தத்தை அதில் விடுகிறான். ஆவிகள் கூட்டமாக வருகின்றன. தைரேசியஸ் என்ற குறிசொல்லி குடித்துப் பேசும்வரை மற்ற ஆவிகளை வாளைக் காட்டி நிறுத்திவைக்கிறான். ஊர் திரும்பும் வழி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதியிருப்பது இன்னும் வீட்டுச் சங்கதி. கொரிந்து நகர ஆட்சியாளன் பெரியாண்டர், ஒரு நண்பர் கொடுத்து வைத்த பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்க, அக்கெரோன் ஆற்றங்கரையில் இருந்த செத்தவர் குறிமேடைக்கு ஆள் அனுப்புகிறான். செத்துப்போன மனைவி மெலிஸ்ஸா வருகிறாள், ஆனால் சொல்ல மறுக்கிறாள். தன்னோடு புதைத்த துணிகளை எரிக்காததால் அவை தனக்குப் பயன்படவில்லை, குளிர்கிறது என்கிறாள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் பல வீடுகளில் உள்ள பழைய தமிழ் வேதாகமத்தில் உபாகமம் 18:11 'செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவனும்' என்று சொல்கிறது. கிரேக்கச் சொல்லின் இரண்டு பாதியும் அப்படியே வந்துவிட்டன. குறி கேட்பது வடசென்னைக்குப் புதிதும் இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அருள் வந்து ஆடுகிறவரிடம் வேலை கிடைக்குமா, கல்யாணம் கூடுமா என்று குறி கேட்பார்கள். எனவே 'செத்தோர்குறி' என் தேர்வு. 'நீத்தார்குறி' அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் திருக்குறளில் நீத்தார் என்றால் துறவிகள். 'பிணக்குறி' என்றால் உடம்பே பேசுவதுபோல் ஆகிவிடும். பிணத்தை எழுப்பி வேலை வாங்கும் புதுப் பொருளுக்குப் 'பிணமெழுப்பல்' என்று தனிச் சொல் வேண்டும். வேதாளம் தானாகவே பிணத்துக்குள் புகுவது, அதை இங்கே கலக்கக் கூடாது.

இந்த இரண்டு சொல்லையும் பிரித்து வைத்தால் கற்பனை உலகின் வரைபடமே மாறிவிடும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் கேரம் போர்டின் மேல் சார்ட் பேப்பரை விரித்து இப்படி ஓர் உலகம் வரைந்துகொண்டிருந்தார்கள். பழைய தாள் மாதிரி இருக்க டீ டிகாஷனைப் பூசிக் காயவைத்திருந்தார்கள். செத்தவரிடம் பேசுவது எல்லா வீட்டிலும் நடக்கிற உலகமாம். ஆனால் வரைபடத்தில் நெக்ரோமான்சர்களைக் கடலுக்கு நடுவே, மண்டையோட்டு மலை உள்ள தீவில் ஒதுக்கியிருந்தார்கள். "அண்ணா, இவங்கள தமிழ்ல இன்னான்னு சொல்றது?" என்று ஒரு பெண் கேட்டாள். தினம் நடக்கிற தொழில் என்றால் பெயர் சின்னதாகத்தான் இருக்கும், 'குறிக்காரர்' போதும் என்றேன். அந்தத் தீவும் வேண்டாம், தெருவுக்கு ஒருவர் இருக்கட்டும் என்றேன்.

அப்புறம், சுடுகாட்டை எங்கே வைப்பது? வடசென்னையின் மூலக்கொத்தளம் சுடுகாட்டைப் பாருங்கள். கொத்தளம் என்றால் கோட்டை மதிலின் காவல் முனை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியர்கள் வாழ்ந்த பகுதியான பழைய கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் இருந்தது, வால்டாக்ஸ் சாலை அந்த மதிலின் பெயரைத்தான் சுமக்கிறது. சுடுகாடு ஊருக்கு வெளியே என்பதுதான் நம் வழக்கம். ஊர் வளர்ந்து அதைச் சுற்றிக்கொண்டது. முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 1939இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் மூலக்கொத்தளத்தில்தான் இருக்கிறார்கள். செத்தவர் பதில் சொல்லும் உலகில் இப்படிப்பட்ட இடம் ஊரின் நடுவே, மன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும். சுடுகாட்டில் வேலை செய்கிறவர்களை நம் சமூகம் ஊருக்கு வெளியே தள்ளியது. அந்த உலகில் அவர்கள் வீட்டு வாசலில்தான் ஊரே வரிசையில் நிற்கும். வரைபடம் வரைகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

திசையும் முக்கியம். வள்ளுவர் இல்லறத்தான் பேண வேண்டியவர்களில் தென்புலத்தாரை, அதாவது செத்துப்போன முன்னோரை, முதலில் வைக்கிறார். நமக்குச் செத்தவர் நாடு தெற்கே. ஒடிசியஸுக்கு வழி சொன்ன மாயக்காரி கிர்க்கியும், வடக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றே கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்கிறாள். அங்கேயும் தெற்கு நோக்கித்தான் ஓட்டம்.

இந்த வேலைக்கு நம் முன்மாதிரி மணிமேகலையில் இருக்கிறது. புகாரின் சுடுகாட்டை ஒட்டிய கோட்டத்தை ஊரார் சுடுகாட்டுக் கோட்டம் என்கிறார்கள். மணிமேகலா தெய்வம் மட்டும் சக்கரவாளக் கோட்டம் என்கிறது. ஏன் அந்தப் பெயர் என்று மணிமேகலையின் தோழி சுதமதி கேட்க, தெய்வம் கதை சொல்கிறது. சார்ங்கலன் என்ற இளைஞன் சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்தே செத்துப்போகிறான். அவன் தாய் கோதமை, என் உயிரை எடுத்துக்கொண்டு மகனை எழுப்பு என்று புகாரின் காவல் தெய்வமான சம்பாபதியிடம் அழுகிறாள். முடியாது என்கிறது சம்பாபதி. சக்கரவாளம் எனப்படும் உலகத் தொகுதியின் தேவர்கள் அத்தனை பேரையும் வரவழைக்கிறது, அவர்களும் முடியாது என்கிறார்கள். அந்த நிகழ்ச்சியின் நினைவாகத் தெய்வத் தச்சன் மயன் நடுவே மேரு மலை, சுற்றி ஏழு மலை, நான்கு பெருந்தீவு, இரண்டாயிரம் சிறுதீவு என்று உலகத்தையே மண்ணில் இழைத்து வைக்கிறான். பிணமெழுப்பல் நடக்காத இடத்தில், சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஓர் உலக வரைபடம்!

அதே காதையில் 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்' என்று ஒரே சுடுகாட்டில் ஐந்து முறைகள் வருகின்றன: எரிப்பது, அப்படியே போட்டுவிடுவது, தோண்டிய குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழி என்ற பெரிய மண்பானையால் மூடுவது. பிள்ளைகளிடம் இந்த ஐந்தையும் ஐந்து குறியீடுகளாக வரைபடத்தின் ஓரத்தில் போடச் சொன்னேன். சுடும் ஊரில் எழுப்ப உடம்பு இருக்காது, குறி மட்டும் கேட்கலாம். தாழியில் கவிக்கும் ஊரில் இரண்டும் நடக்கும். அப்படியானால் இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் ஆற்றில் எந்தப் பிணம் எந்தக் கரைக்குப் போகலாம் என்று சுங்கச்சாவடி வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொல்லி, ஆற்றின் மேல் பாலம் வரைய ஆரம்பித்தாள்.