நெருப்பு வாலுக்குள் வைரம் எங்கிருந்து வருகிறது?

என் நண்பர் ஒருவருக்கு ஒரு வழக்கம். விமானப் படமோ ராக்கெட் படமோ கிடைத்தால் முழுசாக அனுப்ப மாட்டார். பின்னால் வரும் நெருப்பை மட்டும் வெட்டி அனுப்பிவிட்டு, "சொல்லுங்க பார்ப்போம், ராக்கெட்டா ஜெட்டா?" என்று கேட்பார். ஒருநாள் வந்த படத்தில் நீலமும் ஆரஞ்சும் கலந்த நீளமான நெருப்பு. அதற்குள் சரத்தில் மணி கோத்த மாதிரி, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் பளிச் பளிச்சென்று ஒளிப்புள்ளிகள். "ராக்கெட்தான்" என்று அடித்துச் சொன்னேன். தோற்றேன். அது எஸ்ஆர்-71 பிளாக்பேர்டு உளவு விமானத்தின் ஜே58 இன்ஜினைத் தரையில் கட்டிவைத்து, ஆப்டர்பர்னரோடு (கூடுதல் உந்துவிசைக்காக இன்ஜினின் பின்பக்கத்தில் இன்னொரு முறை எரிப்பது) ஓட்டிப் பார்த்தபோது எடுத்த படம்.

தோற்றாலும் அது அவமானப்படும்படியான தப்பில்லை. ராக்கெட்டும் போர் விமானமும் முன்பக்கத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் பின்பக்கத்தில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சூடான வாயுவை ஒரு நாசில், அதாவது பின்வாய்க் குழல் வழியாக ஒலியை விட வேகமாக வெளியே தள்ளுகின்றன. அந்த ஒளிப்புள்ளிகளுக்கு மாக் வைரங்கள் என்று பெயர். 1887-லேயே, பறக்கும் துப்பாக்கிக் குண்டைச் சுற்றி எழும் அதிர்வலையை (காற்று சட்டென்று அழுந்தும் அலையை)ப் படம்பிடித்துக் காட்டியவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் மாக் நினைவாக வந்த பெயர்.

வைரத்துக்கு முன்னால் நாசிலைப் பார்த்துவிடலாம். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. வழி குறுகினால் வேகம் கூடும் என்பது நமக்குப் பழகிப்போன பாடம். வாயுவும் ஒலியின் வேகத்தை எட்டும்வரை அப்படித்தான் நடந்துகொள்கிறது. குழல் குறுகக் குறுக வேகம் ஏறி, மிகக் குறுகலான கழுத்துப் பகுதியில் சரியாக ஒலியின் வேகத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு குறுக்கினாலும் பலனில்லை. இங்கேதான் பாடம் தலைகீழாகிறது. ஒலியின் வேகத்தைத் தாண்டிய வாயுவுக்கு வழியை அகலமாக்கினால்தான் வேகம் கூடும். காரணம், அந்த வேகத்தில் வாயுவின் வேகம் ஏறுவதை விட அது விரிந்து நீர்த்துப்போவதுதான் அதிகம். விரிந்த வாயு போக இடம் வேண்டும். இடம் கொடுத்தால், உள்ளே சூடாகவும் அழுத்தமாகவும் இருந்ததெல்லாம் வேகமாக மாறிக்கொண்டே போகும்.

குறுகி அகலும் இந்தக் குழலை ராக்கெட்காரர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1880-களின் இறுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் தெ லாவால் நீராவி மோதிச் சுழலும் தன் டர்பைன் சக்கரத்துக்காகச் செய்தது. அவர் அதற்கு முன்பே பெயர் வாங்கியது எதனால் தெரியுமா? பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் இயந்திரத்தால். பிற்பாடு அமெரிக்காவில் ராபர்ட் கோடார்ட் அதே குழலைத் தன் வெடிமருந்து ராக்கெட்டின் பின்னால் பொருத்தினார். சாதாரண வாணவேடிக்கை ராக்கெட்டுகளில் 2 சதவீத அளவில் கிடந்த செயல்திறன் 60 சதவீதத்துக்கு மேலே போனது.

சரி, வைரம்? ஒலியை விட வேகமாக ஓடும் வாயுவுக்கு ஒரு குறை உண்டு. முன்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அழுத்தம் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்ற செய்தியெல்லாம் ஒலியின் வேகத்தில்தான் பரவும். எதிர்த்திசையில் அதைவிட வேகமாக வாயு வந்துகொண்டிருந்தால் செய்தி எப்படி உள்ளே போகும்? அதனால் வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமலேயே வாயு நாசிலை விட்டு வெளியே வந்து விழுகிறது. இரண்டு அழுத்தமும் தற்செயலாக ஒத்துப்போனால் தகராறு இல்லை. பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். சுற்றியுள்ள காற்று அதை நாலாபக்கமிருந்தும் உள்ளே நெருக்குகிறது. நாசிலின் விளிம்பிலிருந்து சாய்வான அதிர்வலைகள் கிளம்பி நடு அச்சில் சந்திக்கின்றன. அந்த இடத்தில் வாயு ஒரே அடியாக அழுந்திச் சூடாகிறது. எரியாமல் மிச்சமிருந்த எரிபொருளும் அங்கே பற்றிக்கொள்ளலாம். பளிச்சென்று முதல் வைரம் தெரிகிறது. ஆனால் நெருக்கியது அளவுக்கு மிஞ்சிப்போய்விட்டது. இப்போது வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றை விட அதிகம். உடனே வெளிப்பக்கமாக விரிகிறது. அதிலும் அளவு மிஞ்சி மறுபடி அழுத்தம் குறைகிறது. காற்று மறுபடி நெருக்குகிறது. இரண்டாவது வைரம். இப்படியே மூன்றாவது, நான்காவது. ஓரங்களில் வெளிக்காற்று கலந்து கலந்து உள்ளே ஓடும் வேகமான பகுதியை அரித்துக்கொண்டே வரும். அது தீர்ந்துபோகும் இடத்தில் சரமும் முடிந்துவிடும். ஆரம்பத்தில் வாயுவின் அழுத்தம் அதிகமாக இருந்தாலும் இதே கதைதான், விரிவதில் தொடங்கும், அவ்வளவுதான்.

நண்பர் வட்டத்தில் அடிக்கடி அடிபடும் ஒரு பேச்சு, வைரம் எத்தனையோ இன்ஜினுக்கு அத்தனை சக்தி என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வைரம் தெரிகிறது என்றால் வாயுவும் காற்றும் ஒத்துப்போகவில்லை என்றுதான் அர்த்தம். நாசில் கச்சிதமாக அமைந்திருந்தால் வைரங்கள் மங்கிப்போகும். "அப்போ வைரம்தான் சக்தியைத் திங்குதா?" என்று நண்பர் மடக்கினார். அதுவும் இல்லை. உந்துவிசையின் கணக்கு நாசில் வாயிலேயே முடிந்துவிடுகிறது. வைரங்கள் அதற்குப் பின்னால் உருவாகின்றன. திருடன் வந்து போனதைக் காட்டும் கால்தடம் மாதிரிதான் அவை. கால்தடம் எதையும் திருடுவதில்லை.

போர் விமானத்தின் நாசில் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த உலோக இதழ்களால் ஆனது. விரியும், சுருங்கும். இதை வெளிக்காற்றின் அழுத்தத்துக்காக மட்டும் செய்தது என்று நினைக்க வேண்டாம். சாதாரண ஓட்டத்தில் இன்ஜினுக்குள் போகும் காற்றிலுள்ள ஆக்சிஜனில் பெரும்பகுதி எரியாமலேயே வெளியே வருகிறது. எல்லாவற்றையும் எரித்தால், அந்தச் சூடான வாயுவால் சுழலும் டர்பைன் இறக்கைகள் தாங்காது. டர்பைனைத் தாண்டிய பிறகு அந்த ஆக்சிஜனில் இன்னொரு முறை எரிபொருளைக் கொட்டி எரிப்பதுதான் ஆப்டர்பர்னர். உந்துவிசை ஒன்றரை மடங்கு அல்லது அதற்கும் சற்று மேலே போகும். எரிபொருள் செலவோ பல மடங்கு. அப்போது வாயு திடீரென்று சூடாகி உப்புகிறது. கழுத்து பழைய அளவிலேயே இருந்தால் போக வழியில்லாமல் அழுத்தம் பின்னோக்கி ஏறி, முன்னால் சுழலும் விசிறியையும், காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் அமுக்கியையும் திணறடித்துவிடும். அதனால் ஆப்டர்பர்னர் பற்றும்போது இதழ்கள் விரிகின்றன. ஓடுபாதையில் கிளம்பும் போர் விமானத்தைப் பின்னாலிருந்து எடுத்த வீடியோ இருந்தால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விமானி விசையை முழுக்கத் தள்ளும்போது முதலில் இதழ்கள் குவிந்து வாய் சிறுக்கும். அப்புறம் நெருப்பு பற்றும்போது பூ மாதிரி விரியும்.

ராக்கெட்டில் இந்த வசதி இல்லை. அந்தச் சூட்டில் இதழ் கட்டி ஆட்டுவதற்குள் எடை எகிறிவிடும். அதனால் தரைக்கு ஒரு அளவு, விண்வெளிக்கு ஒரு அளவு என்று இருக்க வேண்டிய நாசிலை ஒரே அளவில் செய்து சமாளிக்கிறார்கள். ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 ராக்கெட்டில் இருக்கும் மெர்லின் இன்ஜினின் தரை வடிவத்தில் நாசில் வாயின் பரப்பு கழுத்தைப் போல 16 மடங்கு. அதே இன்ஜினின் விண்வெளி வடிவத்தில் 165 மடங்கு. காற்றே இல்லாத இடத்தில் எவ்வளவு விரித்தாலும் லாபம்தான், எடைதான் தடுக்கிறது.

இந்தச் சமாளிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) ஆர்எஸ்-25 இன்ஜின். கழுத்து ஒரு சாணை விடக் கொஞ்சம் அதிகம். வாயின் குறுக்களவோ 2.3 மீட்டர். தரையிலிருந்து விண்வெளி வரை ஒரே இன்ஜின் எரிய வேண்டும் என்பதால், தரைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக வைத்தார்கள். எரியும் அறைக்குள் 200 வளிமண்டல அழுத்தம் இருக்கும். வாய்க்கு வருவதற்குள் அது நடுப்பகுதியில் வெளிக்காற்றின் ஏழில் ஒரு பங்காக விழுந்துவிடும். இவ்வளவு குறைந்தால் வெளிக்காற்று ஓரம் வழியாக உள்ளே புகுந்து, வாயுவைச் சுவரிலிருந்து பிய்த்து, நாசிலையே பக்கவாட்டில் உலுக்கி எடுக்கும். அதைத் தடுக்க, நாசில் சுவர் விளிம்பை நெருங்கும்போது அதன் சாய்வைக் கொஞ்சம் குறைத்தார்கள். ஓரத்து அழுத்தம் மட்டும் வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறியது. காற்று உள்ளே புக முடியவில்லை. நடுவில் இருக்கும் குறைந்த அழுத்தத்தின் விளைவை நாசிலுக்குக் கொஞ்சம் கீழே பார்க்கலாம், கண்ணாடித் தட்டு போல மிதக்கும் ஒரு வைரமாக. ஹைட்ரஜன் நெருப்பு ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது என்பதால் அந்தத் தட்டு அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 இன்ஜினில் இதைத் தேடினால் ஏமாற்றம்தான். மண்ணெண்ணெய் எரியும் புகைக்கரியின் மஞ்சள் வெளிச்சம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ராக்கெட் மேலே போகப் போகக் காற்று மெலியும். நெருக்க ஆளில்லாமல் நெருப்பு வால் அகன்று, வைரங்கள் ஒன்றுக்கொன்று விலகி, ஒரு கட்டத்தில் காணாமல் போகும். வெற்றிடத்தில் வைரமே கிடையாது.

போன வாரம் பழிவாங்க நானும் ஒரு படத்தை வெட்டி அனுப்பினேன். சின்னச் சின்ன வைரங்கள் கொண்ட மெல்லிய நெருப்பு. நண்பர் உஷாராகி, "போன தடவை ராக்கெட் மாதிரி இருந்தது ஜெட். அதனால இதுவும் ஜெட்" என்றார். அது 1947 அக்டோபர் 14 அன்று சோதனை விமானி சக் யீகரை ஒலியின் வேகத்தைத் தாண்ட வைத்த பெல் எக்ஸ்-1. இறக்கை உண்டு, விமானி உண்டு, ஓடியது அமெரிக்க விமானப்படைக்காக. இன்ஜின் மட்டும் ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும், நான்கு அறைகள் கொண்ட ராக்கெட்.

"இது போங்கு" என்று பதில் வந்தது.