45 டிகிரியில் கொதிக்கும் கடல்

பஹாமாஸ் கொடியுடன் 2002-ஆம் ஆண்டு முதல் உலகைச் சுற்றிவரும் ‘தி வேர்ல்ட்’ கப்பலில் 165 வீடுகள் உள்ளன; அவற்றில் இருப்பவர்கள் பயணிகள் அல்லர், வீட்டு உரிமையாளர்கள். 2024 செப்டம்பர் இறுதியில், பல மாதப் பழுதுபார்ப்புக்குப் பிறகு பெல்ஃபாஸ்ட்டிலிருந்து புறப்பட்ட ‘வில்லா வீ ஒடிசி’யிலும் அறைகளை விலைக்கு வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழச் சென்றவர்கள் இருக்கிறார்கள். இச்செய்தியைப் படித்த வாசகர் ஒருவர், இத்தனை பேரும் குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தார்.

துறைமுகங்களில் ஓரளவு நிரப்பிக்கொள்வதுண்டு. நடுக்கடலில் ஓடும்போதோ கப்பலே தன் நீரைத் தயாரித்துக்கொள்கிறது. கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைக் கொதிக்கவைத்து, எழும் நீராவியைக் குளிர்வித்தால் நன்னீர் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் அடுப்பு மூட்டிக் கொதிக்கவைத்தால் எரிபொருள் கட்டுப்படியாகாது. கப்பலின் டீசல் எஞ்சினோ, எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை வெப்பமாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்வித்துவிட்டு வெளிவரும் நீர் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். செலவின்றிக் கிடைக்கும் இந்த வெப்பத்தால் கடல்நீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக முடியாது. எனவே பொறியாளர்கள் கொதிநிலையையே கீழே இறக்கிவிட்டார்கள்.

ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடுகிறது. கப்பலின் ஆவியாக்கிக் கலனுக்குள் அழுத்தத்தை வெளிக்காற்றின் பத்தில் ஒரு பங்காக்கினால், கடல்நீர் சுமார் 45 டிகிரியிலேயே கொதிக்கும். கை பொறுக்கக்கூடிய சூட்டில் கடல் கொதிக்கிறது என்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

இந்த வெற்றிடத்தை உண்டாக்கும் விதம் அதைவிட அழகானது. பம்பு ஒன்று கடல்நீரை வேகமாக ஒரு குறுகிய கூம்புக் குழாய் வழியே பீய்ச்சுகிறது. குறுகலில் நீரின் வேகம் கூடுவதால் அங்கே அழுத்தம் விழுகிறது. அந்த இடத்தோடு இணைக்கப்பட்ட கலனிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு, நீரோடு கலந்து வெளியேறுகிறது. எஜெக்டர் எனப்படும் இக்கருவிக்குள் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வெற்றிடத்தைக் காக்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது அன்று. 45 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 15,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அவ்வளவு ஆவியை இடைவிடாமல் வெளியேற்ற எஜெக்டரால் இயலாது. கலனின் மேற்பகுதியில் குளிர்ந்த கடல்நீர் ஓடும் தகடுகள் மீது அந்த ஆவி பட்டதும், 15,000 லிட்டரும் மீண்டும் ஒரு லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கமே வெற்றிடத்தைத் தொடர்ந்து நிலைநிறுத்துகிறது. கரைந்த நிலையில் வந்து ஆவியோடு பிரியும் காற்றையும், கசிவால் உள்ளே புகும் காற்றையும் அகற்றுவது மட்டுமே எஜெக்டரின் பொறுப்பு. பல வடிவமைப்புகளில், தகடுகளைக் குளிர்வித்துச் சூடேறிய அதே கடல்நீரின் ஒரு பகுதியே அடுத்துக் கொதிப்பதற்கும் அனுப்பப்படுகிறது. கொதிக்கும் வெப்பம் குறைவாக இருப்பதால் தகடுகளில் உப்புப்படிவும் குறைவு. ஆவியோடு தெறிக்கும் உவர்த்துளிகளைக் கம்பிவலை தடுக்கிறது. அதையும் மீறி உப்பு சேர்ந்தால், மின்கடத்துதிறனை அளக்கும் கருவி உணர்ந்து அந்நீரைத் திருப்பிவிடுகிறது.

எஞ்சின் வெப்பம் போதாதபோது, வீடுகளில் நாம் ஆர்.ஓ. என்று சொல்லும் முறை கைகொடுக்கிறது; உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வின் வழியே நீரை அழுத்திப் பிழிவதுதான் அது. கடல்நீருக்கு அதில் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐம்பது, அறுபது மடங்கு அழுத்தம் தேவை.

குறைந்த வெப்பத்தில் கொதிப்பதற்கு ஒரு விலையும் உண்டு: 45 டிகிரி கிருமிகளைக் கொல்வதில்லை. ஆகவே குளோரின் கட்டாயமாகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் நடத்திவரும் கப்பல் சுகாதாரத் திட்டம், குழாய்களின் கடைக்கோடியிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. மேலும், தாதுக்களற்ற வடிநீர் இரும்புக் குழாய்களை அரிக்கும் என்பதால், சுண்ணாம்புக்கல் துகள்கள் வழியே அதைச் செலுத்திக் கால்சியம் சேர்க்கிறார்கள். சுவையும் மேம்படுகிறது. வடிநீர் ‘உயிரற்ற நீர்’, அதற்கு ‘உயிரூட்ட’ வேண்டும் என்று சொல்லிப் பெரும் விலைக்குக் கருவி விற்பவர்களை நம்ப வேண்டாம். நமக்கு வேண்டிய தாதுக்களில் பெரும்பகுதி உணவிலிருந்தே வருகிறது.

இதே தத்துவத்தைத் தரைக்குக் கொண்டுவந்தது சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். லட்சத்தீவின் கவரத்தியில் 2005-இல் அது அமைத்த நிலையம், எஞ்சின் வெப்பம்கூட இல்லாமல், வெதுவெதுப்பான மேற்பரப்பு நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து ஏற்றிய குளிர்நீரால் அதைக் குளிர்வித்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தரும்படி வடிவமைக்கப்பட்டது. 2009-இல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் வெந்நீரைக் கொண்டும் செய்து காட்டினார்கள். நம் கடலோர அனல்மின் நிலையங்கள் இன்றும் வெந்நீரைக் கடலில் விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த வெந்நீரைப் பயன்படுத்தும் ஆய்வுக்கு, சோதனை நிலையத்தோடு நின்றுவிடாமல், தொடர்ந்து தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.