256 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"கைபேசியில் 256 க்யூஏஎம் இருக்கிறது, சிக்னல் கோடுகளும் நிறைந்திருக்கின்றன. வேகம் மட்டும் ஏன் இல்லை?" வலையமைப்புப் பொறியாளரான எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. க்யூஏஎம் என்பது ரேடியோ அலையில் தகவலை ஏற்றும் முறைகளில், அதாவது பண்பேற்றங்களில், ஒன்று; 256 என்பது அந்த அலை எடுக்கக்கூடிய வெவ்வேறு நிலைகளின் எண்ணிக்கை. ஆனால், கடைசியாகக் கேட்டவர் சிக்னல் பூஸ்டர் ஒன்றையும் மாட்டிவிட்டு வந்திருந்தார். இனியும் சொல்லாமல் இருக்க முடியாது.

பெரிய எண் என்றால் பெரிய வேகம் என்ற நம்பிக்கையை விடுங்கள். ஒரு குறியீட்டில் (அலை ஒருமுறை எடுக்கும் நிலையில்) க்யூபிஎஸ்கே என்ற எளிய பண்பேற்றம் 2 பிட்களை ஏற்றுகிறது; 16 க்யூஏஎம் 4, 64 க்யூஏஎம் 6, 256 க்யூஏஎம் 8. ஆக, 64-லிருந்து 256-க்குப் போனால் நான்கு மடங்கு கிடைக்காது. மூன்றில் ஒரு பங்குதான் கூடும். அதற்குச் சிக்னலில் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதல் தூய்மை (இரைச்சலை விடச் சிக்னல் ஓங்கியிருக்கும் அளவு) வேண்டும். அலையின் நிலைகள் நெருங்கிவிடுவதால் சிறு இரைச்சலும் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடும். கோபுரத்தின் பரப்பிக்கே (சிக்னலை அனுப்பும் கருவிக்கே) விதி கடுமையாகிறது: க்யூபிஎஸ்கேயில் 17.5% வரை பிழைத்திசையன் (அனுப்பும் நிலை சரியான இடத்திலிருந்து விலகும் அளவு) அனுமதி, 256 க்யூஏஎம்மில் 3.5% மட்டுமே.

க்யூபிஎஸ்கேயைப் பழையது என்று ஒதுக்குகிறவர்களுக்கு: 5ஜி கோபுரம் அனுப்பும் கட்டுப்பாட்டுத் தகவல் இன்றும் அதில்தான் வருகிறது. செல்லின் (ஒரு கோபுரம் எட்டும் பரப்பின்) விளிம்பில் இருப்பவருக்கும் அது சேர்ந்தாக வேண்டுமே! 2ஜியின் பண்பேற்றமான ஜிஎம்எஸ்கே ஏற்றுவது 1 பிட்தான். ஆனால் அலைவீச்சு மாறாததால் பெருக்கியை முழுத் திறனில் ஓட்டலாம், பேட்டரி மிஞ்சும். 2ஜியின் மேம்பட்ட வடிவமான எட்ஜ், அலைவீச்சு மாறும் 8 பிஎஸ்கேக்குப் போனபோது அந்தச் சலுகை பறிபோனது.

 

பண்பேற்றத்தை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண் முடிவு செய்வதில்லை. கைபேசி அலைத்தடத்தின் தரத்தை அளந்து சொல்கிறது. அதைக் கொண்டு 4ஜி கோபுரம் பண்பேற்றத்தை ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறைகூட மாற்றிக்கொள்ளும். நெரிசல் இருந்தால் அலைவரிசையில் உங்கள் பங்கே சுருங்கிவிடும். அப்போது எந்தப் பண்பேற்றமும் கைகொடுக்காது.

கோடுகளைப் பார்க்காதீர்கள், அவை பெரும்பாலும் வலிமையைத்தான் காட்டும், தூய்மையை அல்ல. குறுக்கீட்டையும் இரைச்சலையும் விடச் சிக்னல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று சொல்லும் எஸ்ஐஎன்ஆர் அளவைப் பாருங்கள். 20 டெசிபெலைத் தாண்டினால் உயர்ந்த பண்பேற்றம் கிடைக்க வாய்ப்புண்டு. 0-வை ஒட்டி இருந்தால் க்யூபிஎஸ்கேதான். ஜன்னலோரம் நகர்ந்து மறுபடி அளந்து பாருங்கள்.

அனுமதியற்ற பூஸ்டரை மட்டும் தயவுசெய்து மாட்டாதீர்கள். உள்ளே வரும் குறுக்கீட்டையும் சேர்த்தே அது பெருக்குகிறது. கோபுரத்தின் ஏற்பியிலும் இரைச்சலைக் கொட்டுகிறது. அதே செல்லில் அவசர அழைப்புக்கு முயல்பவரின் இணைப்பு அதனால் அறுந்துபோகலாம். மாட்டியிருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.