பேக்ஆஃப்: பின்வாங்கலா, ஒதுங்கலா?

வைஃபையில் கருவிகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க, அனுப்புமுன் சற்றுக் காத்திருப்பதை 'பேக்ஆஃப்' என்பார்கள். அதற்குச் சட்டென்று வாய்க்கு வரும் தமிழ் 'பின்வாங்கல்'. அகராதிப்படி தப்பில்லை, ஆங்கிலத்தில் சண்டைக்கு வருகிறவனைப் பார்த்து 'விலகிப் போ' என்று அதட்டவும் இதே சொல்தான். ஆனால் பின்வாங்குவது என்றால் நமக்குப் படை தோற்றுத் திரும்புவதும் கொடுத்த வாக்கிலிருந்து நழுவுவதும்தான் நினைவுக்கு வருகின்றன. வைஃபையில் நடப்பது அதுவல்ல.

ஒரு சேனலில், அதாவது ஒரே ரேடியோ அலைவரிசையில், இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் டேட்டா மோதி, பெரும்பாலும் இரண்டுமே வீணாகும். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மோதலைக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனென்றால் தன் சிக்னலின் பலத்தில் மற்றவருடையது கேட்காது; எதிர்முனையிலிருந்து 'கிடைத்தது' என்ற பதில் வராதபோதுதான் ஏதோ கோளாறு என்று தெரியும். அதனால் சேனல் காலியானதும் உடனே பாயாமல், காத்திருக்கும் ஒவ்வொரு கருவியும் 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து, 9 மைக்ரோவிநாடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, 0 ஆனதும் அனுப்பும். நடுவில் இன்னொன்று முந்திக்கொண்டால் எண்ணிக்கை அப்படியே நிற்கும், சேனல் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பதில் வராவிட்டால் மேல்வரம்பு 31, 63 என்று ஏறி, 1023 வரை போகும்.

இதன் வேர் ஹவாய் பல்கலைக்கழகத்தில். நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் 1971-இல் ஓடவிட்ட அலோஹா ரேடியோ வலையில், மோதினால் ஏதோ ஒரு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு, அவ்வளவுதான் விதி. கேட்டுப் பார்க்காமலே அனுப்புவதால் சேனலின் திறனில் அதிகபட்சம் 18 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் தேறும். அந்த வலையைத் தன் முனைவர் பட்ட ஆய்வில் அலசிய ராபர்ட் மெட்காஃப் அடுத்து கம்பிவழி வலையான ஈதர்நெட்டுக்குப் போனார்; மோத மோதக் காத்திருப்பை இரட்டிப்பது அங்கே பேர்பெற்றது. 1997-இல் வந்த முதல் வைஃபை தரநிலையும் அதை எடுத்துக்கொண்டது.

சரி, தமிழுக்கு வருவோம். என் ஓட்டு 'ஒதுங்கல்' பக்கம். மழைக்கு ஒதுங்கினான் என்றால் பயணத்தைக் கைவிட்டான் என்று யாரும் நினைப்பதில்லை, மழை விட்டதும் கிளம்புவான். கருவி செய்வதும் அதையேதான். 'எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃப்' என்பதற்கு 'அடுக்குக்குறிப் பின்வாங்கல்' என்று எழுதினால் கணக்கு வாத்தியார் மெச்சுவார், நெட்வொர்க் பார்க்கிற பையனுக்கு ஒன்றும் விளங்காது; 'இரட்டிப்பு ஒதுங்கல்' என்றால் எப்படிக் கூடுகிறது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. அப்புறம் 'பேக்ஆஃப் கவுன்ட்டர்' என்பதற்கு 'ஒதுங்கல் எண்ணி' போதும்.

கூட்டம் சேர்ந்தால் இந்த ஏற்பாடு திணறும். 16 எண்களில் இரண்டு கருவிகள் ஒரே எண்ணை எடுக்கும் வாய்ப்பு 16-இல் 1, ஆனால் ஆறு கருவிகள் எடுத்தால் அவற்றில் ஏதாவது இரண்டு ஒத்துப்போகும் வாய்ப்பு சுமார் 66 சதவீதம். கல்யாண மண்டபத்தில் சிக்னல் முழுசாகக் காட்டியும் மெசேஜ் போகாமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே வைஃபை அழைப்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தால், குரலுக்கென்று தனி வரிசை ஒன்று இருப்பதால்தான், அதன் முதல் ஒதுங்கல் 0 முதல் 3 வரைக்குள்ளேயே முடிந்துவிடும்.