16 இன்ச் குழல் விதி: ரைஃபிளைப் பூட்டும் முன் நீங்களே அளந்துவிடுங்கள்

டெக்சாஸில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் போன வருடம் உதிரிபாகங்களை வாங்கி ஒரு ஏஆர்-15 ரைஃபிளைத் தானே பூட்டினார். கையில் கிரீன் கார்டு இருக்கிறது. பின்னணிச் சோதனை முடிந்துதான் ரிசீவரை (குழலும் மற்ற பாகங்களும் மாட்டும் நடு உடலை) வாங்கினார். எல்லாம் முறைப்படி நடந்ததாகத்தான் நினைத்திருந்தார். குழல் விற்ற கடையின் இணையப் பக்கத்தில் 16 இன்ச் என்று போட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கராஜில் வைத்து இருவரும் அளந்தோம். பதினான்கரைதான் இருந்தது. மீதி ஒன்றரை இன்ச், முனையில் திருகி மாட்டியிருந்த ஃபிளாஷ் ஹைடர், அதாவது சுடும்போது வரும் தீப்பொறியைக் குறைக்கும் துண்டு. கடையில் கேட்டால் "மொத்த நீளத்தைத்தான் போட்டிருக்கிறோம்" என்றார்கள். அன்று அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

சட்டம் சுருக்கமானது. அமெரிக்காவில் 1934ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, ரைஃபிளின் குழல் 16 இன்ச்சுக்குக் குறைந்தாலோ, துப்பாக்கியின் மொத்த நீளம் 26 இன்ச்சுக்குக் குறைந்தாலோ அது 'குட்டைக் குழல் ரைஃபிள்' ஆகிவிடும். ஷாட்கன்னுக்குக் குழல் 18 இன்ச். குட்டைக் குழல் ரைஃபிளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் செய்வதற்கு முன்பே பதிவு செய்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் செய்தால் பத்து வருடம் வரை சிறை.

கிரீன் கார்டுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய இடி ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தின் 5861வது பிரிவில் தண்டனை வாங்கினால், குடியேற்றச் சட்டம் அதை மிகக் கடுமையான குற்றங்களின் வரிசையில் வைக்கிறது. நாடு கடத்தல்வரை போகும். வீடு, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றரை இன்ச் இரும்பில் தொங்கும். இதை எந்தக் கடைக்காரரும் பில்லோடு சேர்த்துச் சொல்வதில்லை.

சரி, எப்படி அளப்பது? துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள். போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகத்தை) மூடுங்கள். முனை வழியாக ஒரு நேரான மரக்கம்பியைப் போல்ட் முகத்தில் முட்டும்வரை உள்ளே விடுங்கள். குழல் முடியும் இடத்தில் கம்பியில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். துப்பாக்கிச் சட்டத்தை அமல்படுத்தும் மத்திய அரசு அமைப்பான ஏடிஎஃப் அளப்பதும் இப்படித்தான். வெளியே தெரியும் குழலை மட்டும் டேப் வைத்து அளந்தால் ரிசீவருக்குள் இருக்கும் பகுதி விட்டுப்போகும், கணக்கு தவறும்.

முனையில் திருகி மாட்டும் எதுவும் கணக்கில் வராது. நிரந்தரமாக இணைத்திருந்தால் மட்டும் வரும். 'நிரந்தரம்' என்றால் ஏடிஎஃப் ஏற்கும் வழிகள் மூன்று: முழுச் சுற்று வெல்டிங், குறைந்தது 1100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் வெள்ளிப் பற்றவைப்பு (சில்வர் சால்டர்), அல்லது துளையிட்டு ஊசி அடித்து ஊசித் தலையின் மேல் வெல்டிங். திருகு கழலாமலிருக்கப் பூசும் பசை எவ்வளவு இறுகினாலும் செல்லாது. பதினான்கரை இன்ச் குழல் வாங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெல்டிங் முடியும்வரை அந்தக் குழலை ரைஃபிள் ரிசீவரில் மாட்டவே கூடாது. "மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வெல்டிங்குக்குக் கொடுக்கிறேன்" என்றால், மாட்டிய அந்த நிமிடமே குற்றம்.

சரியாக 16 இன்ச் குழல் வாங்குவதும் எனக்குப் பிடிக்காது. முனை அடிபட்டுவிட்டால் பட்டறையில் கொஞ்சம் சீவித் திருத்துவார்கள். அந்தச் சீவலே உங்களைக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடலாம். அரை இன்ச் கூடுதலாக வாங்குங்கள்.

மொத்த நீளம் 26 இன்ச் என்பதை, மடக்கும் ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்கட்டை) இருந்தால் விரித்து வைத்து அளப்பது மத்திய அரசின் வழக்கம். கலிபோர்னியா மடக்கிய நிலையில் அளக்கும், அதுவும் தானியங்கி முறையில் அடுத்த தோட்டா ஏறும் சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் தட்டிச் சுடும்) ரைஃபிளுக்கு 30 இன்ச் கேட்கும். நம் ஆட்கள் வேலை மாறி டாலஸிலிருந்து சான் ஹோசேவுக்குப் போவது சர்வ சாதாரணம். சாமான் லாரியில் ஏற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். பதிவு செய்த குட்டைக் குழல் ரைஃபிளாக இருந்தால், மாநில எல்லை தாண்ட 5320.20 என்ற படிவத்தில் முன் அனுமதி வேண்டும். கலிபோர்னியாவுக்கோ அதைச் சாதாரண ஆள் கொண்டுபோகவே முடியாது.

இப்போது எல்லோரும் குழம்பும் விஷயம். 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ரைஃபிளுக்கான 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. போனது வரி மட்டும்தான். பதிவு, கைரேகை, புகைப்படம், உள்ளூர்க் காவல் தலைமைக்கு நகல் அனுப்புவது எல்லாம் அப்படியே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் "இனிமேல் குட்டைக் குழல் ஃப்ரீ" என்று சுற்றுவதை நம்பி ஒருவர்கூடச் சிக்கக் கூடாது. குட்டைக் குழல் ரைஃபிள் செய்ய அனுமதி கேட்கும் 'ஃபார்ம் 1' ஒப்புதலாகி கைக்கு வந்த பிறகுதான் பூட்ட வேண்டும், விண்ணப்பித்துவிட்டோம் என்பது போதாது. ரிசீவரில் உங்கள் பெயர், ஊர், மாநிலம் பொறிக்க வேண்டும், ஆழம் குறைந்தது 0.003 இன்ச். பூட்டிய பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்ற வழியே சட்டத்தில் கிடையாது.

பெயர் விஷயத்தில் நம் ஆட்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இனிஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி. படிவம், கைரேகை அட்டை, அடையாள அட்டை மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். கடையில் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை இழுத்துக்கொண்டே போனால், எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து யூபின் என்ற தனி எண் வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒன்று இருப்பதைக் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை.

எச்1பி, எல்1, மாணவர் விசாக்காரர்களே, உங்களுக்குக் குழல் நீளம் இரண்டாவது கவலைதான். குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். நடைமுறையில் நமக்குப் பொருந்தும் விலக்கு, காலாவதியாகாத வேட்டை உரிமம் ஒன்றுதான். உரிமம் முடிந்த மறுநாள் விலக்கும் முடிந்தது. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் இதில் அடங்கும்.

வீட்டில் இருக்கும் பாகங்களையும் எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு ரைஃபிள் ரிசீவர், பக்கத்தில் பத்தரை இன்ச் குழல், அதை மாட்ட வேறு எதுவும் வீட்டில் இல்லை என்றால், பூட்டாமலேயே கேள்வி வரும். 1992ல் தாம்சன்-சென்டர் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாகங்களைச் சட்டப்படியான துப்பாக்கியாகவும் பூட்ட முடியும் என்பதால் அந்த நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அப்படி ஒரு சட்டப்படியான பயன் உங்களிடம் இருக்க வேண்டும்.

காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள், தேதி போட்டு வையுங்கள். ஐடஹோ மாநிலத்தில் ராண்டி வீவர் என்பவர் மீது வந்தது வெட்டிக் குறைத்த ஷாட்கன் வழக்கு. விசாரணை 1991 பிப்ரவரி 20. அவருக்கு அரசு அதிகாரி அனுப்பிய கடிதத்தில் மார்ச் 20 என்று இருந்தது. வரவில்லை என்று பிடியாணை பிறந்தது. கடிதத்தில் இருந்த தேதி வருவதற்கு முன்பே, மார்ச் 14ல், ஆஜராகாத குற்றத்துக்கும் வழக்குப் போட்டுவிட்டார்கள். 1992 ஆகஸ்டில் நடந்த முற்றுகையில் அவருடைய மனைவியும் மகனும் ஒரு மத்திய மார்ஷலும் செத்துப்போனார்கள். தவறான தேதியை எழுதியது அரசு அலுவலகம். அதனால், எந்தக் கடிதம் வந்தாலும் அதில் உள்ள தேதியை உங்கள் வழக்கறிஞர் வழியாக நீதிமன்றத்திலேயே சரிபாருங்கள்.

ஏற்கெனவே பூட்டிவிட்டு இப்போது அளந்து குறைவாக வந்தால், துப்பாக்கியை எங்கும் எடுத்துப் போகாதீர்கள், குறுஞ்செய்தியில் யாரிடமும் விவரிக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். குழலை ரிசீவரிலிருந்து கழற்றித் தனியாக வைத்துவிட்டு, துப்பாக்கிச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரை முதலில் பாருங்கள். ஏடிஎஃப் அலுவலகத்துக்கு நீங்களாகப் போன் போடுவது அதற்கு அப்புறம் யோசிக்க வேண்டியது. எங்கள் தம்பி அன்றே கழற்றினார், பதினாறரை இன்ச் குழல் ஒன்றை வாங்கினார். மாட்டுவதற்கு முன் அதே மரக்கம்பியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.