எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை?

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகன் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் மருந்து ஆராய்ச்சி செய்வதாகச் சொல்கிறான். பார்த்தால் எந்நேரமும் மடிக்கணினிதான். குடுவை இல்லை, எலி இல்லை. ஒரு பொருள் விஷமா இல்லையா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதுதான் அம்மா. ஊகிக்கும். ஏற்கெனவே சோதித்துப் பார்த்த பொருள்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, புதிதாக வந்தது அவற்றில் எதைப் போல இருக்கிறது என்று தேடும். பட்டியலுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க அரசு அமைப்புகள் சேர்ந்து நடத்தும் டாக்ஸ்21 திட்டம் ஏறத்தாழ 10,000 வேதிப்பொருள்களை உயிரணுக்களின் மேல் சோதித்து, முடிவுகளை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. மூலக்கூறுகளைக் கையாளும் ஆர்டிகிட் மென்பொருளும் 2006 முதல் இலவசம். சரி, இதெல்லாம் இருக்கட்டும். எனக்குப் பிடித்த இடம் அந்த 'எதைப் போல' என்பதுதான்.

கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. அதனால் அது நம் கல்யாண மண்டபங்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் வழியைப் பிடித்துக்கொள்கிறது. "தம்பி எந்தத் தோட்டம்? அப்பா யாரு? பக்கத்து வீட்டுல யாரு இருந்தாங்க?" மூன்று கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவார்.

பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். (பனடோல் என்றால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும்.) ஹைட்ரஜனை ஒதுக்கிவிட்டால் 11 அணுக்கள். நடுவில் ஆறு கார்பன் சேர்ந்த வளையம். அதன் ஒரு முனையில் நைட்ரஜன் தொங்குகிறது, நேர் எதிர் முனையில் ஆக்சிஜன். மீதி நான்கு வளையக் கார்பன்களும் ஆளுக்கொரு ஹைட்ரஜனோடு பக்கவாட்டில் நிற்கின்றன. அந்த நான்கு பேரை மட்டும் விசாரிப்போம்.

முதல் சுற்று: நீ யார்? "வளையத்துக் கார்பன், ஒரு ஹைட்ரஜன் உண்டு." நான்கு பேருக்கும் அதே பதில். இரண்டாம் சுற்று: பக்கத்தில் யார்? "ஒரு பக்கம் என்னைப் போலவே ஒருவர், மறுபக்கம் ஹைட்ரஜன் இல்லாத கார்பன்." இன்னமும் நான்கு பேரும் ஒன்றுதான். மூன்றாம் சுற்றில், பக்கத்து வீட்டுக்காரர் போன சுற்றில் தெரிந்துகொண்டதையும் கேட்டு வாங்குகிறார்கள். இப்போது இரண்டு பேர் "எங்களுக்கு அடுத்தவருக்கு அடுத்தவர் நைட்ரஜன்" என்கிறார்கள். மற்ற இரண்டு பேர் "எங்களுக்கு ஆக்சிஜன்" என்கிறார்கள். பிரிந்துவிட்டார்கள்! முழு மூலக்கூறையும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு வம்பு மட்டுமே பேசி, ஒவ்வொருவரும் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் பதில் ஓர் எண்ணாக மாறி, பெரும்பாலும் 1,024 அல்லது 2,048 விளக்குகள் உள்ள ஒரு பலகையில் ஒரு விளக்கை எரியவிடும். எரியும் விளக்குகளின் கோலம்தான் அந்த மூலக்கூறின் கைரேகை. இரண்டு மருந்துகளை ஒப்பிட, இரண்டிலும் எரியும் விளக்குகளை, ஏதாவது ஒன்றிலாவது எரியும் விளக்குகளால் வகுத்தால் போதும். 30ஐ 60ஆல் வகுத்தால் 0.5. நான்காம் ஆண்டுப் பிள்ளை போடும் கணக்கு.

இதற்கு விதை போட்டவர் எச். எல். மார்கன், 1965இல். அவருக்கு மருந்தைப் பற்றிய கவலையே இல்லை. அமெரிக்காவின் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ் நடத்திய வேதிப்பொருள் பதிவேட்டில் ஒரே பொருள் இரண்டு பெயரில் நுழையாமல் இருக்க வழி தேடினார். சுத்தமான கிளார்க் வேலை. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டே ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்கள் இதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. அந்தப் பலகையில் 'இலையிலிருந்து வந்தது' என்பதற்கு விளக்கே கிடையாது. "மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை" என்று காலையிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாமாக்கள் அரிஸ்டோலோகிக் அமிலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் மூலிகைச் சரக்குதான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்க அது கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் போயிற்று. அதன் வளையத்தில் ஒட்டியிருக்கும் நைட்ரோ தொகுதியை (ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்) கண்டால், நச்சுத்தன்மையை ஊகிக்கும் மென்பொருள்கள் உடனே சிவப்புக் கொடி காட்டும்.

ஆனால் தாத்தாவும் ஏமாறுவார். டெர்ஃபெனடின் என்று ஓர் ஒவ்வாமை மருந்து இருந்தது. வழக்கமாகக் கல்லீரல் அதை உடனே மாற்றிவிடும். கூடவே சில பூஞ்சை மருந்துகளைச் சாப்பிட்டால் அந்த வேலை தடைப்படும். மாறாத டெர்ஃபெனடின் இதயத்தின் பொட்டாசியம் வாயிலை அடைத்து, துடிப்பைக் குலைக்கும். சிலர் இறந்தே போனார்கள். 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது போனது. அந்த இடத்துக்கு வந்தது எது தெரியுமா? கல்லீரல் மாற்றித் தரும் அதே பொருள், ஃபெக்சோஃபெனடின். இன்றும் மருந்துக் கடையில் கிடைக்கிறது, இதயத்தைத் தொந்தரவு செய்வதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம், ஓரத்தில் ஒரு மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) இருந்த இடத்தில் அமிலத் தொகுதி. அவ்வளவுதான். கைரேகை நிறையவே ஒத்துப்போகும். ஒரே வீட்டுப் பிள்ளைகள், குணம் வேறு.

அதனால் உங்கள் மகன் ஒரு கட்டத்தில் குடுவைப் பக்கமும் போய்த்தான் ஆக வேண்டும். அதுவரை, இந்த இரண்டு மருந்துகளின் கைரேகையையும் ஒப்பிட்டு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. மடிக்கணினி எப்படியும் திறந்துதான் இருக்கும்.